‘நேவி ஈஸ் ரன்னிங்’ என்றால் எது ஓடுகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி, பிறகு பி.காம். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பையர்கள், அதாவது எங்களிடம் உடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார், அனுப்பும் மெயில்களைப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று மேலாளருக்கும், உற்பத்தி நடக்கும் ஃப்ளோருக்கும் சொல்வதும் என் வேலை. போன மாதம் ஒரு மெயிலில் ‘தி நேவி ஈஸ் ரன்னிங் இன்டு தி ஒயிட்’ என்று இருந்தது. நேவி கலர் முடிந்து அடுத்து ஒயிட் ஓட வேண்டும், அதைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து ‘யெஸ், ரன்னிங் ஆன் ஷெட்யூல்’ என்று பதில் போட்டுவிட்டேன். மறுநாள் பையர் மேலாளருக்கே போன் செய்துவிட்டார். சாம்பிளைத் துவைத்துப் பார்த்ததில் நேவி சாயம் வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டது என்பதுதான் அந்த மெயிலாம். ‘இதுகூடத் தெரியாதா’ என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து எந்த மெயிலைத் திறந்தாலும் ‘ரன்’தான் கண்ணில் படுகிறது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அர்த்தம். பதில் போடவே கை வர மாட்டேன் என்கிறது. எனக்குப் புரியாத நான்கு வரிகள்: ‘திஸ் ஸ்டைல் ரன்ஸ் ஸ்மால்’, ‘ப்ளீஸ் ரன் இட் பாஸ்ட் மீ ஃபர்ஸ்ட்’, ‘வீ ஹேவ் ரன் இன்டு எ ப்ராப்ளம் வித் தி பிரிண்ட்’, ‘லெட்ஸ் ரன் வித் தி செகண்ட் ஆப்ஷன்’. இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வழி இருக்கிறதா? தமிழ்வழியில் படித்ததால்தான் எனக்கு இப்படி ஆகிறதா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்வழியில் படித்ததால் இப்படி ஆனதா? இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வணிகக் கடிதங்களையும் இயந்திரக் கையேடுகளையும் மொழிபெயர்த்து வருகிறேன். கோயம்புத்தூரில் அலுவலக ஆங்கில வகுப்பும் எடுக்கிறேன். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்களும் இதே மாதிரி இடத்தில் தடுக்கி விழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்த வரியை இன்னொரு தடவை பாருங்கள். அதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நேவி தெரியும், ஒயிட் தெரியும், ரன்னிங் மிக நன்றாகவே தெரியும். நாள் முழுக்க உங்கள் காதில் விழும் சொல் அது. ‘எந்தக் கலர் ரன்னிங்ல இருக்கு?’, ‘ரெண்டாவது லைன் ஏன் ரன் ஆகல?’ என்று ஃப்ளோரில் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே ரன்னிங் என்றால் உற்பத்தி நடக்கிறது என்ற ஒரே அர்த்தம்தான். நம் பேச்சுத் தமிழ் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கும்போது அதன் எல்லா அர்த்தத்தையும் சேர்த்து வாங்குவதில்லை. தனக்கு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘டியூட்டி’யைப் பாருங்கள். ‘டியூட்டிக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போவது. அதே சொல் உங்கள் ஷிப்பிங் டாக்குமெண்டில் வந்தால் சுங்கத் தீர்வை. கடைத்தெருவில் ‘பார்ட்டி வந்திருக்கு’ என்றால் வாடிக்கையாளர். ஆங்கில ஒப்பந்தத்தில் பார்ட்டி என்றால் கையெழுத்துப் போடும் தரப்பு. தெரியாத சொல் வந்தால் நின்று அகராதியைத் திறக்கிறோம். தெரிந்த சொல் வந்தால் நிற்காமல் கடந்துவிடுகிறோம். உங்களுக்கு நடந்ததும் இதுதான். ரன் என்ற சொல்லைத் திருப்பூர் உங்களுக்கு ஒரு விதமாகக் கற்றுக்கொடுத்திருந்தது, பையர் இன்னொரு விதமாக எழுதினார்.

சரி, மொத்தம் எத்தனை அர்த்தம்? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதிலேயே நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் 430 அர்த்தங்கள், அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்காகப் பதிவுகளைத் திருத்தி எழுதும் வேலை தொடங்கிய பிறகு, ‘ரன்’ அதை முந்திவிட்டது. 2011-இல் வெளிவந்த கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்கள். அந்த ஒரு சொல்லுக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்தார்.

இந்த எண்ணைக் கேட்டு மலைத்துப் போகாதீர்கள். அகராதி செய்பவர்கள் நெல்லைப் புடைப்பது போலப் பிரிப்பார்கள். மனிதன் ஓடுவது ஒன்று, கப்பல் ஓடுவது ஒன்று, வதந்தி ஓடுவது இன்னொன்று. எப்போதோ வழக்கொழிந்த அர்த்தங்களுக்கும் அதில் இடம் உண்டு. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரைப் பிடித்து ‘ரன்னுக்கு அர்த்தம் சொல்லுங்கள்’ என்றால் பத்துப் பதினைந்தோடு நின்றுவிடுவார். ஆனால் ஒரு நாளில் அதற்கு மேலான அர்த்தங்களில் தடுமாறாமல் பேசியிருப்பார். அவர் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. நீங்களும் செய்ய வேண்டாம்.

ஏனென்றால் உங்களிடமே இதற்கு இணையான ஒரு சொல் இருக்கிறது. ‘ஓடு’. பிள்ளை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. கடை எப்படியோ ஓடுகிறது. வாரம் ஓடிப்போனதே தெரியவில்லை. அவன் மனதில் என்ன ஓடுகிறதோ. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் ஓட மாட்டேன் என்கிறது. நாய்க்குப் பயந்து ஓடுவதற்கும் பரீட்சை ஹாலில் மூளை ஓடாததற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு யாராவது இதற்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களா? போதாததற்குக் கூரை ஓடு வேறு இருக்கிறது, முட்டை ஓடு வேறு இருக்கிறது. ‘ஓடு மாத்தணும்’ என்று வீட்டுக்காரர் சொன்னால் யாரும் செருப்பைத் தேடுவதில்லை.

எப்படிப் புரிந்துகொள்கிறோம்? இதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பேசியிருக்கிறது. ஒரு சொல் பல பொருள் தரும்போது எந்தப் பொருள் என்பது ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்’ என்கிறது கிளவியாக்கம். உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். மா பூத்தது என்றால் மரம். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான். பக்கத்தில் நிற்கும் மருது அதன் இனம். கவசம் போட்டுக்கொண்டு போருக்கு நிற்பவன் மா கொண்டுவா என்றால் குதிரை. அங்கே சூழ்நிலை, அதாவது சார்புதான் சொல்கிறது. எனக்கு இது வகுப்பில் சொல்லிக் கொடுக்க மிகவும் பிடித்த இடம். ஆங்கிலம் கற்க ஆங்கிலத்திலேயே எழுதிய வழிகாட்டிகள் எத்தனையோ படித்திருக்கிறேன், இந்த மூன்று சொல்லுக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

இனி உங்கள் நேவி மெயிலுக்கு வருவோம். ரன்னே அங்கே வினைச்சொல் என்பதால், ஓடுவது எது என்றும், வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுசொல் எது என்றும் பார்க்க வேண்டும். ஓடுவது ஒரு நிறம். பின்னால் இருப்பது ‘இன்டு’, அதாவது ஒன்றுக்குள் இன்னொன்று போவது. ஒரு கலரின் உற்பத்தி இன்னொரு கலருக்குள் போகாது, சாயம்தான் போகும். அப்புறம் இனம்: நேவிக்குப் பக்கத்தில் ஒயிட். அடர்ந்த நிறமும் வெள்ளையும் ஒரே வரியில் வந்தாலே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று சாய வேலையைப் பார்க்கும் உங்கள் டையிங் மாஸ்டர் சொல்வார். சார்பு இவை இரண்டையும் விட முக்கியம். அந்தச் சமயத்தில் பையர் கையில் இருந்தது உங்கள் சாம்பிள். அவர் அதைத் துவைத்துப் பார்க்கும் கட்டத்தில் இருந்தார். அதோடு, உங்கள் ஃப்ளோரில் எந்தக் கலர் ஓடுகிறது என்பதைக் கடல் தாண்டி இருக்கும் பையர் உங்களுக்குச் சொல்ல முடியாது. அது நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. இந்த ஒன்றை மட்டும் யோசித்திருந்தால்கூட ‘இது வேறு எதையோ பற்றி’ என்று உங்களுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

இதே புகாரைச் சில பையர்கள் ‘ப்ளீடிங்’ என்று எழுதுவார்கள். ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள், அதுவும் சாயம் கசிவதுதான். உரசும்போது நிறம் ஒட்டினால் ‘க்ராக்கிங்’. பக்கத்துத் துணியில் கறை ஏறினால் ‘ஸ்டெய்னிங்’. ஆய்வகத்தில் அதற்கு 1 முதல் 5 வரை ‘கிரே ஸ்கேல்’ என்ற சாம்பல் நிற அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறை இல்லை. வாஷ், ஸ்டெயின், கிரே ஸ்கேல் போன்ற சொற்கள் அக்கம்பக்கத்தில் எங்காவது இருந்தால் அங்கே வரும் ரன் அநேகமாகச் சாயத்தைப் பற்றித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களைத் தடுக்கிவிட்ட இந்த அர்த்தம் புதிதாக முளைத்தது கிடையாது. ரன்னின் பழைய ஜெர்மானிய வேரிலேயே காலால் ஓடுவதும் இருந்தது, தண்ணீர் பாய்வதும் இருந்தது. அதன் உறவுச்சொல்லான ‘ரின்னன்’ இன்றைய ஜெர்மன் மொழியில் நீர் வழிவதைக் குறிக்கிறது. நமக்கும் ஓடு என்பதிலிருந்துதானே ஓடை வந்தது. மூக்கு ஒழுகுவது, குழாயில் தண்ணீர் வருவது, மை பரவுவது, சாயம் இறங்குவது எல்லாம் ஆங்கிலத்தில் இந்தத் தண்ணீர்க் கிளையைச் சேர்ந்தவை. பிறகு நீராவி இயந்திரம் வந்தது, நூற்பாலை வந்தது, ரயில் வந்தது, கடைசியில் கணினி வந்தது. புது இயந்திரம் வரும்போதெல்லாம் ஆங்கிலம் கையருகே கிடந்த ரன்னையே எடுத்து அதற்குக் கொடுத்தது. செட்டை ரன் முந்தியதில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. திருப்பூரில் நீங்கள் கேட்டு வளர்ந்தது இந்த இயந்திரக் கிளை. பையர் எழுதியது தண்ணீர்க் கிளை. புதிய வரி ஒன்றில் ரன் வந்தால், இது தண்ணீரா இயந்திரமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

ஓடு என்ற சொல்லை நம்பி முழுத் தூரமும் போய்விடவும் முடியாது. தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாக நடந்தால் மெஷின் ஓடுகிறது, நாம் செய்தால் மெஷினை ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ரன். ‘தி மெஷின் ரன்ஸ்’, ‘ஹி ரன்ஸ் தி மெஷின்’. கம்பெனி என்று வந்தால் அவர்கள் ரன் என்கிறார்கள், நாம் நட என்பதிலிருந்து வந்த நடத்து என்கிறோம். அவர்களுக்கு மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. காய்ச்சலும் அவர்களுக்கு ஓடும், நமக்கு அடிக்கும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், இங்கிலாந்துக்காரர் நிற்கிறார், நம் ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். அதனால் ரன் என்ற தனிச்சொல்லுக்குத் தமிழ் தேடாதீர்கள். முழு வாக்கியத்துக்குத் தேடுங்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தினாலும் ஒரு சொல்லை மட்டும் தட்டாமல், முன்வரி பின்வரியோடு சேர்த்துக் கொடுங்கள்.

நீங்கள் எழுதிய நான்கு வரிகளில் ‘திஸ் ஸ்டைல் ரன்ஸ் ஸ்மால்’ என்பதுதான் பணம் தொடர்பானது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆர்டர் சின்னது என்றோ, ஓட்டம் குறைவு என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. லேபிளில் இருக்கும் சைஸைவிட உடை சிறிதாக அமைகிறது என்று அர்த்தம். எம் சைஸ் போடுகிறவருக்கு இந்த எம் இறுக்கமாக இருக்கிறது, எல் எடுக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்பதம் ‘ரன்ஸ் லார்ஜ்’, சரியாக இருந்தால் ‘ரன்ஸ் ட்ரூ டு சைஸ்’. கடையில் வாங்கியவர்கள் திருப்பித் தருவதால் பையர் இதை எழுதியிருக்கலாம், அல்லது அளவு பார்ப்பதற்கான மாதிரி உடையை, அதாவது ஃபிட் சாம்பிளை, போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். உங்கள் பதில் எந்த இடத்தில் சிறிது என்று கேட்பதாக இருக்க வேண்டும். மார்பா, உயரமா, தோளா? எல்லா சைஸிலுமா, குறிப்பிட்ட சைஸில் மட்டுமா? அதற்குள் ஃப்ளோரிலிருந்து நான்கைந்து பீஸை எடுத்து மெஷர்மென்ட் சார்ட்டோடு ஒப்பிட்டு வையுங்கள். அளவு சார்ட்டுக்குள் இருந்தால் பிரச்சினை சார்ட்டில் இருக்கிறது, இல்லையென்றால் கட்டிங்கிலோ துணி சுருங்குவதிலோ இருக்கிறது. இரண்டுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆளுடையது. இந்த வரியை யாராவது ‘சின்ன ஆர்டர்’ என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

‘ரன் இட் பாஸ்ட் மீ ஃபர்ஸ்ட்’ என்றால் செய்வதற்கு முன் என்னிடம் காட்டுங்கள், என் ஒப்புதலுக்குப் பிறகு செய்யுங்கள். மென்மையாக எழுதியிருப்பார்கள், ஆனால் அது நிபந்தனை. அவர் சரி என்று சொல்லும் வரை துணியை வெட்டக் கூடாது. ‘ரன் இன்டு எ ப்ராப்ளம்’ என்றால் எதிர்பாராமல் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டோம். கவனியுங்கள், இங்கும் இன்டு இருக்கிறது, ஆனால் ஓடுவது நிறம் இல்லை, ‘வீ’ என்கிற மனிதர்கள். அதனால் சாயம் இங்கே வராது. எழுவாய் மாறினால் அதே ரன் இன்டு எப்படித் திரும்பிவிடுகிறது பாருங்கள். நான்காவது வரி, இரண்டாவது யோசனையையே வைத்துக்கொண்டு மேலே போவோம் என்பது.

உங்கள் தொழிலில் கட்டாயம் எதிர்ப்படும் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ப்ரொடக்ஷன் ரன்’ என்றால் ஒரே தடவையாக எடுத்துச் செய்யும் உற்பத்தி. ‘எ ரன் ஆஃப் 5,000’ என்றால் அந்தத் தடவையில் 5,000 பீஸ். ‘ஃபுல் சைஸ் ரன்’ என்று கேட்டால் எல்லா சைஸிலும் ஒரு வரிசை வேண்டும். ‘ரன்னிங் சேஞ்ச்’ என்பது உற்பத்தியை நிறுத்தாமல் நடுவிலேயே செய்யும் மாற்றம். எந்தப் பீஸிலிருந்து மாறியது என்று குறித்து வைக்காவிட்டால் பின்னால் தலைவலி. ‘லேபிள்ஸ் ஹேவ் ரன் அவுட்’ என்று வந்தால் கிரிக்கெட் நினைவுக்கு வருவது இயல்புதான், அங்கே லேபிள் தீர்ந்துவிட்டது. ‘வீ ஆர் ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. ஒரு டிசைனை ‘ரன் ஆஃப் தி மில்’ என்று எழுதினால் சந்தோஷப்பட வேண்டாம். பழைய நாளில் ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வெளிவரும் சரக்கைச் சொன்ன சொல் அது. இப்போது எங்கும் கிடைக்கிற சாதாரணப் பொருள் என்று அர்த்தம். நம் பக்கம் மில் என்றால் இன்றும் நிஜமான மில்தான் என்பதால், ஏதோ நூற்பாலையைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம்.

துணியிலேயே ஒரு ரன் உண்டு. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே கீழே கண்ணிகள் விட்டுக்கொண்டே போய் ஏணிப்படி போல ஒரு கோடு விழுமே, அதை அமெரிக்கர்கள் ரன் என்பார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதையே ‘லேடர்’, அதாவது ஏணி என்பார்கள். அதனால் ‘தேர் ஈஸ் எ ரன் இன் தி ஃபேப்ரிக்’ என்ற வரியைப் பார்த்தால் மெயில் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது என்றும் பாருங்கள். அதுவும் சார்புதான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு துணிக்கடைக்காகச் சலவைக் குறிப்பு அட்டை மொழிபெயர்த்தேன். ‘கலர்ஸ் மே ரன், வாஷ் செபரேட்லி’ என்று மூலத்தில் இருந்தது. ‘வண்ணங்கள் ஓடலாம், தனியாகத் துவைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போவதற்கு முன் அந்தக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எடுத்துப் படித்துவிட்டு, ‘சாயம் போகும்னுதானே தம்பி சொல்ல வர்றீங்க?’ என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் துணி தெரியும், துவைத்தால் அதற்கு என்ன ஆகும் என்று தெரியும். அன்றிலிருந்து எந்த மொழிபெயர்ப்பையும் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் நான் கொடுத்ததில்லை. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். டையிங் மாஸ்டரும் குவாலிட்டி செக்கரும் மெயிலைப் படிக்க மாட்டார்கள், ஆனால் நீங்கள் வரியைச் சொன்னால் இது எதைப் பற்றியது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி. உங்கள் மெயில் பெட்டியின் தேடுமிடத்தில் ரன், ரன்னிங், ரேன் என்று மூன்றையும் தனித்தனியாகத் தட்டுங்கள். ஒன்றரை வருட மெயிலில் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து விழும். ஒரு நோட்டில் வரியை முழுதாக எழுதி, யார் எப்போது எழுதினார்கள் என்று பக்கத்தில் போட்டு, அந்த மெயிலுக்குப் பிறகு உங்கள் கம்பெனியில் என்ன செய்தார்கள் என்பதைத் தமிழில் எழுதுங்கள். ‘சாயம் திரும்ப டெஸ்டுக்குப் போனது’, ‘லேபிள் மறுபடி ஆர்டர் போட்டோம்’ என்று. அகராதியில் உள்ள விளக்கத்தை எழுத வேண்டாம். நடந்ததை எழுதினால் அர்த்தம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஐம்பது அறுபது வரி சேர்ந்ததும் அதே ஏழெட்டு அர்த்தங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதைப் பார்ப்பீர்கள். 645-இல் உங்கள் மேசைக்கு வருவது அவ்வளவுதான்.

நீங்கள் எழுதும் மெயிலில் முடிந்தவரை ரன் வேண்டாம். தையல் நடந்தால் ‘ஸ்டிச்சிங்’ என்றும், சாயம் போடுவது நடந்தால் ‘டையிங்’ என்றும், பேக்கிங் நடந்தால் ‘பேக்கிங்’ என்றும் வேலையின் பெயரையே எழுதுங்கள். உங்கள் ‘யெஸ், ரன்னிங் ஆன் ஷெட்யூல்’ என்ற பதிலை பையர் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். சாயம் இறங்குகிறது என்று அவர் முறையிடுகிறார், ஆமாம், திட்டப்படி இறங்குகிறது என்று பதில் போகிறது. அவர் போனை எடுத்ததில் வியப்பில்லை. அங்கே ‘நேவி ஸ்டிச்சிங் ஈஸ் ஆன் ஷெட்யூல்’ என்று இருந்திருந்தால், இந்தப் பெண் நம் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அவருக்கே தெரிந்து, மறுபடி விளக்கி எழுதியிருப்பார்.

திரும்பக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கேட்டால் ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. ‘ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்’ என்று எழுதாதீர்கள். எது புரியவில்லை என்று அதிலிருந்து பையருக்குத் தெரியாது. நீங்கள் புரிந்துகொண்டதை வேறு சொல்லில் எழுதி, சரிதானா என்று கேளுங்கள். ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம், தி நேவி டை இஸ் ஸ்டெய்னிங் தி ஒயிட் ஸ்ட்ரைப் ஆஃப்டர் வாஷ், கரெக்ட்?’ இப்படி ஒரு வரி போனால், கவனமாக வேலை பார்க்கிறவர் என்றுதான் நினைப்பார்கள். பெரிய ஒப்பந்தங்களில் வழக்கறிஞர்கள்கூட ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் ‘இந்த ஆவணத்தில் இதற்கு இதுதான் பொருள்’ என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

மேலாளர் எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. சாம்பிள் சம்பந்தப்பட்ட புகாரை ஒருவர் மட்டும் படித்துவிட்டுப் பதில் போடும்படி வேலையை அமைத்திருப்பதில் அவருக்கும் பொறுப்பு உண்டு. கோபம் ஆறியிருக்கும் ஒரு நேரம் பார்த்து, ‘சார், வாஷ், ஃபிட், மெஷர்மென்ட் பற்றி வரும் மெயிலுக்கு மட்டும் குவாலிட்டியில் ஒருவருக்குக் காட்டிவிட்டுப் பதில் போடுகிறேன்’ என்று நீங்களே சொல்லுங்கள். மற்ற மெயில்களுக்கு நாளை காலையிலிருந்து பழையபடி பதில் போட ஆரம்பியுங்கள். நிலுவையில் இருப்பதில் முதலாவது அந்த ‘ரன்ஸ் ஸ்மால்’ மெயிலாக இருக்கட்டும். மெஷர்மென்ட் டேப்பை எடுத்துக்கொண்டு ஃப்ளோருக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.